துளை ஓரத்துக் கறை

காலை 11.20. பெர்மாஸ் ஜெயாவில் எஃகுத் தகடுகளுக்குக் கருநீல மெருகு ஏற்றும் பட்டறை. மெருகேற்றும் உப்புத் தொட்டியிலிருந்து தகடுகள் தொங்கும் இரண்டாவது சட்டம் மேலே வந்ததும் முதலாளி லெட்சுமணன் குனிந்து பார்த்தார். முப்பது தகட்டிலும், கம்பி கோத்த மேல் துளையின் ஓரத்திலிருந்து சொறி பிடித்த மாதிரி பழுப்புக் கறை வழிந்திருந்தது. நான்கு மணிக்குச் சரக்கு சிங்கப்பூர் போயாக வேண்டும்.

"அலமாக்! இது யார் கோத்தது?"

"புஷ்பவள்ளி, பாஸ்," என்றான் மேற்பார்வையாளன் கவின். "ரெண்டு பேருக்கும் ஒரே சுருள்லதான் கம்பி வெட்டிக் கொடுத்தேன். என் முப்பதும் கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. இவங்க கையுறையோட தலையைச் சொறிவாங்க லா. தேங்கா எண்ணெய் வழியுற தலை!"

புஷ்பவள்ளி வாசல் சுவரைப் பார்த்தாள். இதே கறையோடு ஒரு தகடு அங்கே ஆணியில் தொங்கியது. அதன்மேல் மார்க்கரில் 'மதிவாணன் கை' என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மதிவாணன்தான் இங்கே மேற்பார்வையாளன். பிசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி தின்ற விரலில் கையுறை மாட்டிச் சரக்கைக் கெடுத்தான் என்று துரத்தினார்கள். வருகிறவன் போகிறவனெல்லாம் தகட்டைக் காட்டிச் சிரித்தான். மதிவாணன் இப்போது மூவாரில் நாற்காலிக்கு உப்புத்தாள் தேய்க்கிறான், நாலு பேர் நடுவில் வாயே திறப்பதில்லை.

அவன் புஷ்பவள்ளியின் கூடப்பிறந்த அண்ணன். அது இங்கே ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கறை மறுபடி வரட்டும், காரணத்தைப் பிடிக்கலாம் என்றுதான் எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கே வேலை பார்த்தாள். போன வாரம், "அடுத்த மாசம் மேற்பார்வைப் பொறுப்பைப் புஷ்பவள்ளி பார்க்கட்டும்" என்று லெட்சுமணன் சொன்னார். இன்று கறை வந்துவிட்டது. வா ராசா, வா!

"பையை எடுத்துட்டுக் கிளம்பு," என்றார் லெட்சுமணன்.

"கிளம்புறேன் பாஸ். முன்னாடி ஒரு கேள்வி. மெஷின் எண்ணெய் எதுல போகும்?"

"முதல்ல தின்னர்ல. இதுகூடவா தெரியாது?"

"அப்புறம்?"

"கம்பியில கோத்து, கொதிக்கிற காஸ்டிக் சோடாவுல முக்கணும். சாப்பாட்டு எண்ணெய், தலை எண்ணெய் எல்லாம் சோப்பாகிக் கரைஞ்சிடும்."

"என் கை பட்டது கோக்கும்போது. காஸ்டிக்குக்கு முன்னாடி. அப்புறம் சட்டத்தைப் பிடிச்சுத்தான் தூக்குறோம், தகட்டை யாரும் தொடுறதில்ல."

11.35. பையிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து ஒரு கழிவுத் தகட்டில் தாராளமாகப் பூசி, காஸ்டிக் தொட்டியில் இறக்கினாள். பத்து நிமிடம் கழித்து எடுத்து அலசினாள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்தது, ஒரு முத்துகூடத் திரளவில்லை.

"எண்ணெய் போயிடுச்சு பாஸ். பிசாங் கோரேங் எண்ணெயும் இப்படித்தான் போயிருக்கும்."

லெட்சுமணனின் கண் தானாக வாசல் சுவருக்குப் போனது.

"அப்ப துளையில இருந்தது?"

"காஸ்டிக்குக்கு மசியாத மெஷின் எண்ணெய். தின்னருக்கு அப்புறம் புதுசா உள்ளே வந்தது ஒண்ணே ஒண்ணுதான். எல்லாரும் தகட்டையே பார்த்தீங்க."

தன் சட்டத்துக் கம்பியின் முறுக்கைப் பிரித்து வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணியில் எண்ணெய்க் கோடு விழுந்தது. கவின் சட்டத்துக் கம்பியைத் துடைத்தாள், துணி வெள்ளையாகவே இருந்தது.

"புதுச் சுருள் பாஸ்," என்று கவின் குறுக்கே பாய்ந்தான். "கடையிலேருந்தே எண்ணெயோட வந்திருக்கு. நான் என்னத்தக் கண்டேன்?"

புஷ்பவள்ளி மேசையில் மிச்சமிருந்த சுருளைத் துடைத்தாள். அதிலும் எண்ணெய்.

"ஒரே சுருள்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க கம்பி மட்டும் எப்படிச் சுத்தமாச்சு? எண்ணெய் இருக்கிறது தெரியாதவர் அதை மட்டும் ஏன் தின்னர்ல அலசினீங்க?"

கவின் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"மதிவாணனுக்கும் இதேதானா?" என்று கேட்டார் லெட்சுமணன்.

"அவர் போனாத்தானே பாஸ் எனக்கு இடம்..." என்று முனகினான் கவின்.

புஷ்பவள்ளி ஆணியிலிருந்து பழைய தகட்டை எடுத்தாள். தின்னர் தோய்த்த துணியால் ஒரே இழுப்பு. அண்ணன் பெயர் போய்விட்டது, கறை மட்டும் நின்றது. மார்க்கரைக் கவினிடம் நீட்டினாள்.

"உன் பேரை எழுது."

"நீ யாரு எனக்குச் சொல்ல?"

"மதிவாணன் தங்கச்சி."

கவின் லெட்சுமணனைப் பார்த்தான். "எழுதிட்டு வெளிய போ," என்றார் அவர்.

12.05. 'கவின் கை' என்று எழுதிவிட்டு அவன் போனான். அவளே அதை மாட்டி, போட்டோ எடுத்து மூவாருக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் போன் அடித்தது.

"ஆணி கெட்டியா இருக்கா?" என்றான் அண்ணன்.

"இன்னும் ரெண்டு அடி அடிச்சுட்டுத்தாண்ணே மாட்டினேன்," என்றாள் புஷ்பவள்ளி.