மேல்தட்டில் இடமிருக்கிறது

நிலவிலிருந்து செவ்வாய்க்குப் போக வேண்டிய கப்பல் அன்றும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. காரணம், ஓர் அண்டா.

கப்பலில் கோளாறு எதுவும் இல்லை. உலை சூடேறித் தயாராக இருந்தது. விமானி அறையில் எல்லா விளக்கும் பச்சை. ஆனால் இருக்கைகளுக்கு மேலே ஓடும் சாமான் தட்டில் பூங்காவனத்தின் பித்தளை அண்டா நுழைய மறுத்தது. சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், பக்கத்துப் பெட்டிகளை இறக்கி மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். இறக்கிய பெட்டிகளுக்கும் அதற்குள் இடம் போய்விட்டது.

"சரக்கறையில் வைக்கலாம் அம்மா," என்றது நடத்துனர் இயந்திரம்.

"அங்க வெச்சா நசுங்கிடும். எங்க மாப்பிள்ளை செவ்வாயில மெஸ் வெச்சிருக்காரு. நசுங்கின அண்டாவையா கொண்டுபோய்க் குடுப்பேன்? மேல, எங் கண்ணு முன்னாலதான் இருக்கணும்."

பூங்காவனத்தின் கணவர் ஆதிமூலம் இதில் தலையிடவில்லை. அவர் இருக்கையில் அமர்ந்து, எல்லாம் முடிந்ததும் சொல்லுங்கள் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் அண்டா இறங்கியது. அண்டாவோடு பூங்காவனமும் இறங்கினாள். ஆதிமூலத்தை எழுப்பி இறக்கினார்கள். அதற்குள் கிளம்பும் நேரம் தவறிவிட்டது.

மனித இனம் அந்தக் காலத்தில் புற்றுநோயை ஒரு மாத்திரைக்குள் அடக்கியிருந்தது. நிலவுப் பாறையைப் பிழிந்து மூச்சுக்காற்று எடுத்தது. தலைக்கு மேலுள்ள தட்டில் மட்டும் இடம் போதவில்லை.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் மணவழகன். கோளிடைப் போக்குவரத்துக் கழகத்தில் பயணிகள் வசதிப் பொறியாளர். தட்டை அகலமாக்கிப் பார்த்தான், பெட்டிகள் அகலமாயின. ஆழமாக்கிப் பார்த்தான்; பெட்டிகள் நீண்டன. பெட்டி இன்ன அளவுதான் இருக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினான். பயணிகள் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள்.

பொது மேலாளர் எஸ்தர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மணவழகன், அடுத்த கப்பல் தட்டால லேட்டாச்சுன்னா உங்களை யூரோப்பா டெப்போவுக்கு மாத்திடுவேன்."

யூரோப்பா என்பது வியாழனைச் சுற்றும் பனிக்கட்டி நிலா. டெப்போவும் ஒரு கேன்டீனும் தவிர அங்கே வேறெதுவும் கிடையாது. விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி செண்பகவல்லி தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: "தாராளமா போயிட்டு வாங்க. நான் வரமாட்டேன். அங்க போற ஆளுங்களுக்கு மூக்கு உறைஞ்சு போயிடுதாம்."

மூக்கும் மனைவியும் போய்விடும் என்ற பயத்தில்தான் மணவழகன் மடிவெளியைத் தேடிப் போனான்.

மடிவெளி புதிதல்ல. எட்டு முழ வேட்டியை மடித்தால் ஒரு முழ இடத்தில் அடங்குவதுபோல வெளியையும் மடிக்கலாம் என்பது ஆய்வுக்கூடங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தூரத்து விண்மீன்களுக்குக் குறுக்குவழி போட உதவும் என்று ஒரு தலைமுறையே அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கைகழுவியது. மணவழகனுக்கு விண்மீன் வேண்டாம். சூட்கேஸ் வைக்க இடம் கிடைத்தால் போதும். அந்த அளவுக்கு அது வேலை செய்தது.

பழைய தட்டை எடுத்துவிட்டு, கூரையை ஒட்டி ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவும், ஏறுவதற்குச் சின்ன ஏணியும் வைத்தான். வெளியே பார்த்தால் சாதாரணப் பரண். உள்ளே விளையாட்டு மைதானம்போல் இடம். ஒரே ஒரு கட்டுப்பாடு. கதவைச் சாத்தியதும் மடிப்பு இறுகிவிடும். நடுவழியில் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீச்சில் கொட்டிக் கப்பலைக் கிழித்துவிடும். ஆகவே போய் இறங்கி மடிப்பு தளரும் வரை கதவு திறக்காது.

முதல் பயணத்துக்கு முதல் ஆளாக வந்தவள் பூங்காவனம். அண்டா உள்ளே போனது. பின்னாலேயே கட்டில், பீரோ, கிரைண்டர், யாரோ ஒருவருடைய பாகம்பாகமாகப் பிரித்த மோட்டார் சைக்கிள். கப்பல் குறித்த நேரத்தில் கிளம்பியது. எஸ்தர் அம்மையார் மணவழகனுக்குத் தன் கையால் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

அந்தக் காப்பி ஆறுவதற்குள் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் தலைவிரி கோலமாகப் பூங்காவனம்.

"எம் புருஷனைப் பரண்ல போட்டுப் பூட்டிட்டீங்களேடா, பாவிங்களா!"

ஆதிமூலம் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் ஜாடியை எடுக்க ஏறியிருக்கிறார். அவர் இறங்குவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கிளம்பிய கப்பல் நடுவழியில் திரும்ப முடியாது; செவ்வாய் போய்ச்சேர ஒன்றரை மாதம். உள்ளே இருக்கும் காற்று ஒரு வாரம் தாங்கினாலே பெரிது.

மணவழகன் தாளும் பேனாவும் எடுத்தான். எந்த வழியில் கணக்குப் போட்டாலும் கதவைத் திறந்தால் கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் சாவார்கள், திறக்காவிட்டால் ஒருவர்.

"சாமான் வைக்கத்தானே இடம் கேட்டேன்," என்றார் எஸ்தர், தன் குரலே தனக்குக் கேட்காததுபோல.

அந்த ஒன்றரை மாதமும் மணவழகன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. படுத்தால் அந்த மனிதர் இருட்டில் கதவைத் தட்டும் சத்தம் காதில் விழுந்தது. யூரோப்பாவுக்கே அனுப்பியிருக்கலாம் என்று செண்பகவல்லியிடம் புலம்பினான். அவளும் முதல்முறையாக, "நானும் கூட வரேன், விடுங்க," என்றாள்.

கப்பல் செவ்வாயில் இறங்கிய காட்சியை நிலவில் எல்லோரும் திரைமுன் நின்று பார்த்தார்கள். மருத்துவர் ஒருவர், தூக்க நான்கு பேர், மாமனார் உடலுக்குப் போட மாலையோடு மெஸ்காரர் மருமகன். கதவு திறந்தது.

ஏணியில் ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொரு கால். ஆதிமூலம் ஊறுகாய் ஜாடியை மார்போடு அணைத்தபடி இறங்கி நின்றார்.

"இருட்டுல ஜாடியைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எவனோ கதவைச் சாத்திட்டான். பத்து நிமிஷமா கத்திட்டிருக்கேன், ஒருத்தனும் கண்டுக்கல," என்றவர், எதிரே நின்ற மருமகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அட, மாப்ளே! அதுக்குள்ள செவ்வாய் வந்துடுச்சா? நமக்குள்ள மாலையெல்லாம் எதுக்கு?" என்று கழுத்தை நீட்டினார்.

மருமகன் வேறு வழி தெரியாமல் போட்டுவிட்டான்.

பூங்காவனம் அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒன்றரை மாசமா அழுது கண்ணு வீங்கிப் போச்சுய்யா எனக்கு. நீ ஊறுகாய் எடுத்துக்கிட்டு வர்றே!"

மணவழகன் நிலவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். கூடவே சிரிப்பும் வந்தது. மடிப்பு இறுகும்போது வெளியோடு சேர்ந்து காலமும் மடிந்துவிடுகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே ஒன்றரை மாதம். உள்ளே பத்து நிமிடம். இனி ஆட்கள் ஏறாதபடி கதவுக்கு ஒரு தடுப்பு போட வேண்டும் என்று அன்றே வரைபடம் போட உட்கார்ந்தான்.

தடுப்புக்கு வேலை வரவில்லை. அடுத்த கப்பலில் ஏறிய முதல் பயணி பெட்டியை இருக்கையில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். கேட்டதற்கு, "ஒன்றரை மாசம் பக்கத்து சீட்டுக் குறட்டையைக் கேட்டுக்கிட்டு உங்க உப்புமாவைத் தின்னுட்டு வரச் சொல்றீங்களா? பத்து நிமிஷத்துல போற வழி இருக்கறப்போ?" என்றார். மற்றவர்களும் அவர் பின்னால் ஏறினார்கள்.

எஸ்தர் அம்மையார் யோசித்துப் பார்த்தார். பரணில் இருப்பவர்கள் சாப்பிட மாட்டார்கள், குளிக்க மாட்டார்கள், புகார் செய்ய மாட்டார்கள். உத்தரவு போட்டுவிட்டார்: மேல்தட்டு பயணிகளுக்கு, இருக்கைகள் சாமான்களுக்கு.

அதன்பின் கப்பல்களில் பீரோக்கள் பெல்ட் போட்டுக்கொண்டு ஜன்னலோரமாகப் பயணம் செய்தன. இருக்கையில் இருப்பவருக்கெல்லாம் பரிமாறு என்பதே நடத்துனர் இயந்திரத்துக்கு இட்ட கட்டளை. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பயணத்தில் அது ஒரு கிரைண்டருக்கு உப்புமா வைத்து, போதும் என்ற சொல் வராததால் அதன் பாத்திரம் நிரம்பும்வரை வைத்துக்கொண்டே இருந்தது.

எல்லாம் சில மாதங்கள்தான். கப்பல்கள் மறுபடி தாமதமாகத் தொடங்கின. புகார்கள் குவிந்தன. மேல்தட்டில் இடமே இல்லை, மூச்சு முட்டுகிறது, காலை ஊன்ற முடியவில்லை.

மணவழகனுக்குத் தலை சுற்றியது. மைதானம் அளவு இடம் எப்படிப் போதாமல் போகும்? மடிப்பை இரட்டிப்பாக்கினான். புகார்கள் குறையவில்லை. பத்து மடங்காக்கினான். கூடின. யூரோப்பா உத்தரவு தட்டச்சாகி எஸ்தரின் மேசைக்கு வந்துவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

கிளம்பத் தயாராக நின்ற ஒரு கப்பலில் அவனே டார்ச்சோடு ஏணி ஏறினான். வாசலில் மனிதச் சுவர். முழங்கைகள், முதுகுகள், அக்குள்கள். ஒருவர் அவன் கால் மேல் நின்றார். அவன் யார் கால் மேல் நின்றான் என்று தெரியவில்லை. குனிந்து, இடுப்புகளுக்கு நடுவே புகுந்து, ஒருவழியாக மறுபக்கம் வந்து விழுந்தான்.

எழுந்து டார்ச்சை அடித்தான். வெளிச்சம் எதிலும் படாமல் போய்க்கொண்டே இருந்தது. வெட்டவெளி. ஓர் ஆள் இல்லை. தன் காலடிச் சத்தம் எங்கோ போய்த் தாமதமாகத் திரும்பி வந்தது. படுத்து உருளலாம், பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தலாம், ஒரு தாலுகாவையே குடியேற்றலாம்.

திரும்பிப் பார்த்தான். கப்பலின் மொத்தப் பயணிகளும் வாசலோரம் ஒரு கொத்தாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏங்க, பின்னால இவ்வளவு இடம் காலியா இருக்கு. இங்க எதுக்கு நசுங்கறீங்க?" என்று ஒருவரைக் கேட்டான்.

அவர் தலையை மட்டும் திருப்பினார். "தெரியும் சார். உள்ள போயிட்டா எறங்கறப்போ எவன் வழி விடுவான்?"

"பத்து நிமிஷம்தானே சார் பயணம்?"

"அதான் சொல்றேன். பத்து நிமிஷத்துல வந்துடும்."

காலமே நகராத இடத்தில் அத்தனை பேரும் அவசரத்தில் இருந்தார்கள்.

எஸ்தர் போனில் அழைத்தார். "உள்ளே எவ்வளவு இடம் இருக்கு?"

"அளக்க முடியாது மேடம்."

"அப்புறம் என்ன குறை?"

மணவழகன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சங்கு ஊதியது. கீழேயிருந்து நடத்துனர் இயந்திரம், "உள்ளே போங்கள், உள்ளே காலியாக இருக்கிறது, நடுவில் போங்கள்," என்று ஒருவரும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. கதவு மூடத் தொடங்கியது. இனி அவனால் இறங்க முடியாது. செவ்வாய்க்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். அங்கே போனதும் திரும்பி வரும் முதல் கப்பலைப் பிடிக்க வேண்டும்.

பின்னால் கண்ணுக்கெட்டாத தூரம்வரை காலியிடம் அவனுக்காகக் காத்திருந்தது. மணவழகன் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டான். இரண்டு முதுகுகளுக்கு நடுவே தோளைச் செருகி, கதவோரக் கைப்பிடியை எட்டிப் பிடித்தான்.

"சார், கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க," என்றான்.