இரண்டு பாஷை தெரிந்த கதவு

ஆலங்காயத்தில் துப்பறிவாளர் கோகிலவாணி காபியை வாயில் வைப்பதற்குள் செல்லி முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மலை விவசாயிகள் சங்கத்தின் புளிக் கிடங்கு அவள் பொறுப்பு. ஆயுத பூஜை ராத்திரி பாதி மூட்டைகள் போய்விட்டன. கதவைத் திறந்தது செல்லியின் கார்டு என்று பூட்டின் திரையே காட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் அவளைப் போலீசில் ஒப்படைப்பார்களாம்.

"கார்டு பூஜையில இருந்திச்சிங்க. பூஜை போட்ட பொருள மறுநாள்தான் எடுப்போம். சொன்னா சிரிக்கிறாங்க."

உதவியாளன் அருளுக்குப் பொறுக்குமா? அடுத்த நிமிடமே காரைக் கிளப்பிவிட்டான்.

கிடங்கில் சங்க மேலாளர் குமரேசன் பாடம் நடத்தினார். பழைய கார்டு எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். புதுக் கார்டிடம் கதவு ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி கேட்கும். கார்டு தன் ரகசிய எண்ணை வைத்துப் பதில் சொல்லும். நகல் எடுக்கவே முடியாது. கோடையில் பழைய கார்டுகளை வெட்டிப்போட வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் புதுசு கொடுத்துவிட்டாராம். பழைய முறையை மூடி, சோதித்தும் பார்த்தாராம்.

அருள் துள்ளினான். யாரோ செல்லி வீட்டருகே நின்று, போன் வழியாகக் கதவின் கேள்வியையும் கார்டின் பதிலையும் கடத்தியிருக்கலாமே! இந்த ஊரில் போனில் ஒரு கோடு சிக்னலாவது வருகிறதா பார் என்றார் கோகிலவாணி. வரவில்லை. அவன் முகம் தொங்கிவிட்டது.

வாசலில் சங்கத்தார் நிலைகொள்ளாமல் நின்றார்கள். கோகிலவாணி அவர்களிடம் ஒன்றுதான் கேட்டார். போன வருஷம் பூஜை போட்ட பழைய கார்டை வெட்டக் கொடுக்க மனசு வராமல் யாராவது வைத்திருக்கிறார்களா?

எடை போடும் வடிவு தலைகுனிந்தாள். தொலைந்துபோனதாகச் சொன்னது பொய். சாமி மாடத்தில் வைத்திருந்தாள். ஓடிப்போய் எடுத்து வந்து கதவில் வைத்தாள். கதவு திறந்தது.

"பழைய கார்டு செல்லாதுன்னு எல்லாரும் நம்பினாங்க. செல்லாத கார்டை எடுத்துக்கிட்டு எவனும் திருட வரமாட்டான்," என்றார் கோகிலவாணி. "அது செல்லும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். சோதிச்சுப் பார்த்தேன்னு பொய் சொன்னவர். செல்லியோட பழைய கார்டும் அவர் கைக்குத்தான் போச்சு."

குமரேசனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அருள் விடுவானா? பையிலிருந்து செல்லியின் பழைய கார்டு வந்தது. மூட்டைகளை அடிவாரத்தில் விற்றுவிட்டதாக அவர் முனகினார்.

ஜனங்களுக்கு இப்போதுதான் வாய் திறந்தது. எங்களுக்கு அப்பவே தெரியும், செல்லி அப்படிப்பட்டவளா என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். செல்லிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கதவு சொன்னதும் நம்பினீங்க. நான் ரெண்டு நாளா கத்தினேனே, ஒருத்தராச்சும் நம்பினீங்களா?"

வடிவு அவள் கையைப் பிடிக்க வந்தாள். செல்லி கையை இழுத்துக்கொண்டு, மீதி மூட்டைகளைப் பார்க்க உள்ளே போனாள்.