செத்தவர் ஒரு கட்டை மேலே பாடினார்

ஆபரா பாடகர் காமென் க்ருதெவைப் புதைத்து ஒன்பதாவது நாள்.

பூட்டிக் கிடந்த அவர் வீட்டுக்குள்ளிருந்து அவர் பாடினார்!

சோபியா நகரமே வாயடைத்துக் கேட்ட கனமான கீழ்ஸ்தாயிக் குரல். பக்கவாத்தியம் இல்லாத தேவாலயப் பாட்டு. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த பல் டாக்டர் பெஞ்சோவின் கையிலிருந்து தயிர் ஜாடி நழுவி விழுந்து உடைந்தது. கதவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பிலிருந்து க்ருதெவின் முகம் அவரையே பார்த்தது.

அடுத்த வீடுதான் பெஞ்சோவுடையது. உள்ளே ஓடி ஃபோனை எடுத்தார்.

"தோழர் கேப்டன்... அவர் பாடறார்."

"யாரு?"

"செத்தவர்தான். நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கல. நீங்களே கேளுங்க."

ரிசீவரைச் சுவர் பக்கம் நீட்டினார்.

போலீஸ் கேப்டன் பெல்செவ் ஜீப்பில் பறந்து வந்தார். அதற்குள் பாட்டு நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது.

பியானோ. கம்பளத்தில் காய்ந்த ரத்தக் கறை. மேஜைமேல் சுழலும் டேப் ரிக்கார்டர்.

பக்கத்தில் கறுப்பு உடையில் இஸ்க்ரா. க்ருதெவுக்கு முப்பது வருடமாகப் பியானோ வாசித்தவள். அவரைக் கொன்றதாக லாக்கப்பில் கிடக்கும் ரதோயின் அம்மா.

"நீங்களா? இங்கே என்னம்மா பண்றீங்க?"

"என் பையனை எப்பத் தூக்குல போடப் போறீங்க?"

"அது கோர்ட் சொல்றது. கொலை நடந்த அன்னிக்கு ஆறு மணிக்கு க்ருதெவ் பாடினதைப் பெஞ்சோ கேட்டிருக்கார். ஆறரைக்கு உங்க பையன் ரத்தக் கையோட அவர் பக்கத்துல நிக்கிறான். நடுவுல வேற யாரும் வரல."

"விழுந்து கிடந்தவரைத் தூக்கப் பார்த்தான்."

"மாட்டினவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான்."

இஸ்க்ரா, வாசலில் வந்து நின்ற பெஞ்சோவிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு அவர் பாடினப்போ உங்க வீட்டுக் கண்ணாடிக் கிண்ணம் முனகிச்சுன்னு சாவு வீட்டுல சொன்னீங்களே... இப்பவும் முனகிச்சா?"

"முனகிச்சு." பெஞ்சோ தலையாட்டினார். "அந்தக் காலத்துல அவர் உச்சத்துக்குப் போனாலே முனகும். அப்புறம் பல வருஷமா அது மூச்சே விடல. அன்னிக்குத்தான் மறுபடியும்... சாகப் போறவருக்கு எங்கேருந்து வந்துச்சு அந்தத் தெம்புன்னு நினைச்சேன்."

"வரல. அவருக்கு அந்த உச்சம் போய் ரொம்ப நாளாச்சு, கேப்டன். ஒரு கட்டை இறக்கித்தான் பாடிட்டிருந்தார். அந்தக் கிண்ணம் பழைய சுதிக்கு மட்டும்தான் முனகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் நாலு மணிக்குப் பாட ஆரம்பிப்பார்; ஆரம்ப சுதி தட்டிக் கொடுக்கிறதே நான்தான். வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சிலுவை மேல சத்தியம் வாங்கிட்டார்."

"அப்போ ஆறு மணிக்குப் பாடினது?"

இஸ்க்ரா ரிக்கார்டரைக் காட்டினாள். "இது. யுத்தத்துக்கு முன்னாடி அவர் பாடின முதல் இசைத்தட்டு. கோயில் கோரஸ்ல நின்னவரை வியன்னா வரைக்கும் கொண்டுபோனது இதுதான். நாடாவுல ஏத்தியிருக்கு. முதல் ரெண்டு மணி நேரம் வெறும் நாடா... சும்மா சுத்திட்டே இருந்து அப்புறம் பாடும்."

பெல்செவ் ரிக்கார்டர் பக்கம் குனிந்து கேட்டார்.

"இந்தக் குரலை நான் லாக்கப்புல கேட்டிருக்கேன். உங்க பையன் பாயில சுருண்டு படுத்துப் பாடிட்டே இருப்பான். இதே குரல்."

"அப்பன் குரல்."

அறையில் க்ருதெவ் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். பாவம், இருபத்தைந்து வயதுக் குரல். அதற்கு எதுவும் தெரியாது.

"அப்படின்னா அவர் ஆறு மணிக்கு முன்னாடியே செத்துட்டார்," என்றார் பெல்செவ் மெல்ல. "அறை அடுப்பு எரிஞ்சு உடம்பு சூடாவே இருந்ததால டாக்டராலயும் நேரம் சொல்ல முடியல. ரதோய் ஆறு வரைக்கும் ரயில்வே கோரஸ் ஒத்திகையில இருந்திருக்கான். அத்தனை பேர் சாட்சி."

"விட்டுடுவீங்களா?"

"விட்டுத்தான் ஆகணும்."

இஸ்க்ரா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் முழுசாக விட்ட மூச்சு அதுதான்.

பெல்செவ் நிமிர்ந்தார்.

"ஆனா... அன்னிக்கு நாலு மணிக்கு இங்கே யாரு இருந்தது?"

"தினமும் நாலு மணிக்கு இங்கே யார் இருப்பா?"

நாடா ஓடி முடிந்து 'டப் டப்' என்று அடித்துக்கொண்டது.

"உங்களை ஒருத்தரும் சந்தேகப்படலையேம்மா."

"அவன் அன்னிக்கு இங்கே வருவான்னு நான் நினைக்கல." அவள் ரிக்கார்டரை நிறுத்தினாள். "காலில் விழுந்து கேக்க வந்திருக்கான், பைத்தியக்காரன்."

"எதுக்குக் கொன்னீங்க?"

"ஆபராவுல அவனைச் சேர்க்கவே விடல. அவன் வாயைத் திறந்தா ஊரே ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்குமே! 'நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அவன் மேடை ஏற மாட்டான்'னார்."

கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டினாள்.

"முப்பது வருஷத்துல அவர் சொல்லை நான் தட்டினதே இல்லை, கேப்டன். சரின்னுட்டேன்."