துணைச்செவியைக் கழற்றியவர்கள்

மூன்றாம் பருவத்தின் முதல் நாள் தவமணி வகுப்புக்குப் போனபோது பலகை இருந்தது, பெஞ்சுகள் இருந்தன, பேராசிரியர் இல்லை.

"இனி உங்கள் பிரிவுக்கு நான் மட்டுமே" என்றது காதிலிருந்த துணைச்செவி, இதமான குரலில்.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் விடுதிக் கட்டணச் சலுகையோடு இலவசமாகக் கொடுத்த கருவி அது. ஆங்கிலப் பாடத்தை உடனுக்குடன் தமிழாக்கிக் காதில் சொல்லும். புரியாவிட்டால் இன்னொரு விதமாகச் சொல்லும். வேதாரண்யம் உப்பளத்திலிருந்து வந்த தவமணி அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலாண்டைத் தாண்டினாள். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. ஆனால் பக்கத்து அறையில், கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களுக்குப் பேராசிரியர் நின்று நடத்துவது சுவர் வழியே கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

அலுவலகத்தில் போய்க் கேட்டாள். உங்களுக்குத்தான் கருவி இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள்.

அங்கேயே கழற்றி மேசைமேல் வைத்தாள். மறுநாள் தோழி ஜெயசீலியும் கழற்றினாள். வாரம் முடிவதற்குள் பிரிவு முழுவதும் கழற்றிவிட்டது. ஆசிரியர் வரும்வரை போடுவதில்லை என்று முடிவு.

ஆசிரியர் வரவில்லை. விழாதான் வந்தது.

இன்று ஒரு மாணவருக்கும் துணை தேவைப்படவில்லை, திட்டம் முழு வெற்றி, ஆகவே விடுதிச் சலுகையோடு சேர்த்து நிறைவு பெறுகிறது என்று தமிழ் தெரியாத துணைவேந்தர் ஆங்கிலத்தில் அறிவித்தார். முதலில் கழற்றிய மாணவி என்று தவமணியைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அவள் மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினாள்.

"ஒத்தாசை வேணாம்னு நாங்க கழட்டல. வாத்தியார் வேணும்னு கழட்டுனோம். மெஷினக் குடுத்துட்டு மனுஷங்கள எடுத்துக்கிட்டீங்க. இப்ப தங்குற எடத்தையும் புடுங்குறீங்க."

துணைவேந்தர் முகம் மலரக் கைதட்டினார். முன்வரிசை விருந்தினர்களும் தட்டினார்கள். திகைத்துப்போய்த் திரும்பியவள் பின்னாலிருந்த திரையைப் பார்த்தாள். அவள் பேச்சு ஆங்கிலமாகி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இனி எங்களுக்கு உதவி வேண்டாம், செய்த எல்லாவற்றுக்கும் நன்றி என்றிருந்தது அதில். விருந்தினர் மனம் நோகாமல் பேச்சைப் பதமாக்கித் தரும்படி துணைச்செவிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒவ்வொரு காதிலும் அது இருந்தது.

தவமணி துணைவேந்தரின் நாற்காலிக்குப் போனாள். குனிந்து, அவர் காதிலிருந்ததைத் தன் கையாலேயே எடுத்துத் தரையில் போட்டாள். பிறகு அத்தனையையும் முதலிலிருந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒலிவாங்கியிலேயே சொன்னாள். சொற்கள் இடறின. அவள் நிறுத்தவில்லை.

தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின.