மூன்று தாடைப் படங்கள்

தேநீர் உதட்டோரம் வழிந்து மடி நனைந்த பிறகுதான் டீச்சருக்கே தெரிந்தது. சூடு உறைக்கவில்லை. மூன்று வாரமாகக் கீழுதட்டின் வலது பாதி வேறு யாருடையதோபோல மரத்துக் கிடந்தது. ஆட்டம் கண்ட கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பல் மருத்துவர் பிடுங்கியிருந்தார். இரண்டிலும் சொத்தையே இல்லை.

"வாய்க்குள்ள ஒரு புண்ணுகூட இல்ல. எலும்புக்குள்ளயே பிறக்கிற புற்றா இருக்கலாம், ரொம்ப அபூர்வம்," என்றார் பெரிய டாக்டர். "படம் தெளிவா வந்தாத்தான் எங்க துளை போட்டுச் சோதனைக்குச் சதை எடுக்கலாம்னு தெரியும். லேட்டானா தாடையையே எடுக்கணும்மா."

தாடை இல்லாமல் எந்த வகுப்பில் போய் நிற்பது?

ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறையில் மருந்து நெடியும் சூடேறிய இரும்பின் வாடையும் கலந்து நின்றன. முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றிப்பொட்டுகளை இரு கட்டைகளால் இறுக்கி, முன்பற்களுக்கிடையே பிளாஸ்டிக் குச்சியைக் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரேகாரர் கனத்த கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தார். இயந்திரத்தின் கை முனகியபடி அவள் தலையைச் சுற்றி வந்து நின்றது. முனகல் நிற்கவில்லை. காதுக்குக் கீழே, எலும்பின் வழியாக, மெல்லிய ஓர் அரைப்பு.

"பசங்கள ஆடாம உக்காருன்னு அதட்டுறவங்க, நீங்களே ஆடலாமா டீச்சர்?" ஒலிபெருக்கியில் அவர் சிரித்தார். "படம் கலங்கிருச்சு."

ஆடவேயில்லை என்று சொல்ல விடாமல் வாயில் குச்சி.

இரண்டாம் முறை மூச்சையே அடக்கிக்கொண்டாள். அவர் இப்போது சிரிக்கவில்லை.

"பல்லெல்லாம் படத்துல தெளிவா வந்திருக்கு. எலும்புக்குள்ள தெரியுற அந்தக் கருப்பு மட்டும்தான் கலங்குது." குரல் தணிந்தது. "முதல்ல கடைவாய்ப் பக்கம் இருந்துச்சு. இப்ப..."

மரப்பு உதட்டின் நடுவைத் தாண்டி இடப்பக்கம் ஊர்ந்தது. கட்டைகளை நெம்பினாள். இளகவில்லை. கண்ணாடியை நோக்கிக் கையை ஆட்டினாள்.

"இன்னும் ஒரே தடவை," என்றார் அவர். "யாரும் அசையாதீங்க."

யாரும்?

மூன்றாம் சுற்று. அரைப்பு நின்றது. கண்ணாடிக்கு அப்பால், எக்ஸ்ரேகாரர் எழுந்தார். பின்வாங்கினார். கதவின் தாழை வெளியிலிருந்து போட்டார்.

இயந்திரத்தின் திரை அவளுக்கு நேரே ஒளிர்ந்தது. ஓரத்திலிருந்து படம் மெல்ல விரிந்தது. இந்த முறை கலங்கல் இல்லை. முகவாய் எலும்பின் நடுவே கருங்குழி. அதற்குள், அரிசி அளவில், ஒரு பல்வரிசை.

இறுகக் கடித்தபடி, படத்துக்காக, அசையாமல் இருந்தது.