உள்பக்கத்துப் பிடி

காஸ்பியன் கடலில் ரோந்து சுற்றிய அந்தக் கடற்படைக் கப்பலைக் கரையேற்றிக் கட்டைமேல் நிறுத்தி ஒரு வாரமாகிவிட்டது. ஒட்டகமே நாக்கைத் தொங்கப்போடும் வெயில். ஆனாலும் அதன் பின்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“நீங்க வரைஞ்ச கப்பல்தானே, நக்கிப் பாருங்கண்ணே. உப்புக் கரிக்குது” என்றான் கப்பல் மெக்கானிக் மாமித்.

தௌலெத்கெரெய் சிரிக்கவில்லை. கப்பல் வேகமாகப் பறக்க வேண்டுமென்று எடையைக் குறைத்துக் குறைத்து வரைந்தவர் அவர்தான். கடைசி அறையின் இரும்புக் கதவுக்கு உள்பக்கம் பிடி எதற்கு என்று வரைபடத்தில் அடித்துவிட்டதும் அவர்தான். போன மாதப் புயலில் அந்த அறைக்குள் வெள்ளம் புகுந்தபோது, சுக்கானைச் சரிசெய்யப் போயிருந்த குவத் என்ற மாலுமி உள்ளே இருக்க, கதவு சாத்திக்கொண்டது.

“நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. உள்ளேயும் ஒரு பிடியை வச்சுடு மாமித். பையன் பதறிட்டான், திறக்கத் தெரியலைன்னு முடிச்சுடலாம்.”

“அவன் தட்டினது இன்னும் என் காதுல நிக்குதுண்ணே. நாங்க ஓடிப் போறதுக்குள்ள அடங்கிடுச்சு. செத்தவன் தலையில பழியைப் போட எனக்குக் கை வராது.” மாமித் துணியைப் பிரித்து, எண்ணெயில் பொரித்த ரொட்டியை நீட்டினான். “அவனை நெனச்சுச் சுட்டது. ஒரு வாய் தின்னுட்டு, மன்னிப்பாவது கேட்டுட்டுப் போங்க.”

“போடா, பெரிய யோக்கியன்!”

தட்டிவிட்டார். ரொட்டி மண்ணில் விழுந்தால் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிற ஊர் அது. அவர் தாண்டிப் போனார்.

கப்பலுக்குள் ஏறி, குனிந்து அந்தக் கடைசி அறைக்குள் நுழைந்ததும் துருவும் டீசலும் அழுகிய பாசியும் கலந்த நாற்றத்துக்கு நடுவே, சுடச்சுடப் பொரித்த ரொட்டியின் வாசனை மூக்கில் ஏறியது. கைவிளக்கை மாட்டி, பாதி திறந்த கதவின் உள்பக்கம் பார்த்து நின்று, தன் கையாலேயே பிடியைப் பொருத்திக் கடைசித் திருகை முறுக்கிக்கொண்டிருந்தபோது, ஈரமான பூட்ஸ் சத்தம் சளக் சளக்கென்று நடைவழியில் மெல்ல வந்து, கதவு நிலையைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

“மாமித்தா? இப்பவாவது புத்தி வந்துச்சா?”

திரும்பினார். யாருமில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

சனியனே என்று பிடியைத் திருகினார். நன்றாகத்தான் திரும்பியது. அப்படியே பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி திருகினார். மறுபடியும் வந்தது.

கணுக்காலில் சில்லென்றது. தண்ணீர். தரையில் நிற்கிற கப்பலுக்குள். முழங்கால். இடுப்பு.

“மாமித்! திறடா! ஐயோ, திறடா!”

தட்டினார். குவத் தட்டியது போலவே தட்டினார். விளக்காவது அணைந்து தொலைத்திருக்கலாம். அணையவில்லை.

மார்பு. கழுத்து.

காதோரம் ஒரு குரல்.

“பதறாதீங்கண்ணே. பிடிதான் இருக்கே. திறங்க.”

அவர் கைமேல் இன்னொரு கை. ஊறி உப்பிய விரல்கள். நகங்கள் இல்லை. அது பிடியை மெதுவாக, மூடும் பக்கமாகத் திருப்பியது.