ஒட்டுத் தோல்

போனது இரண்டு பேர். திரும்பி வரும் காலடிச் சத்தம் ஒன்றுதான்.

விளக்கில் திமிங்கலக் கொழுப்பு பொரியும் ஓசைக்கும், வெளியே கடல்பனி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்த ஓசைக்கும் நடுவே, இரவிலும் அணையாத வெயில் பலகை இடுக்கெல்லாம் புகுந்து கண்ணைக் குத்திய அந்தக் குடிலுக்குள் உட்கார்ந்தபடி, இவாலு அந்தக் காலடியைக் காதால் தொடர்ந்தாள். வலது கால் நறுக்கென்று பதிந்தது. இடது கால் ஈரத்துணி போல இழுபட்டது. அது அவள் புருஷன் சோர்காக்கின் நடை இல்லை.

கேப்டன் ஹால்வர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் துப்பாக்கி, கையில் மூட்டை. மூன்று வாரம் பனியில் கிடந்த மனிதரின் கன்னம் ஒட்டிப்போயிருக்கவில்லை. உதட்டில் எண்ணெய் மினுமினுத்தது.

"எங்க வீட்டுக்காரர் எங்கீங்க, கேப்டன்?"

"பின்னாடி வர்றான். அவன் நடை உனக்குத் தெரியாதா? கெழட்டு நாய் மாதிரி." சிரித்தார். பூட்ஸைக் கழற்றி அவள் மடியில் எறிந்தார். "விறைச்சுப் போச்சு. மென்னு குடு."

அதற்காகத்தான் இந்தப் பனிப் பயணத்துக்கு அவளையும் கப்பலில் ஏற்றினார்கள். தைக்க வேண்டும், விறைத்த அடித்தோலைப் பல்லால் மென்று இளக்க வேண்டும். நாக்கில் பட்டதுமே எந்த விலங்கின் தோல் என்று சொல்லிவிடுவாள்.

இடது பூட்ஸின் அடியில் புதிதாய் ஒரு ஒட்டு.

"கிழிஞ்சிருச்சு. கடல்நாய்த் தோல் வச்சு நானே தச்சேன். உன் கைவேலை வருமா எனக்கு?"

வாயில் வைத்தாள். உப்பு. மீன்வாடை இல்லை. கரடிக் கொழுப்பின் காறலும் இல்லை.

நாக்கில் ஏதோ தட்டியது. தழும்பு. குறுக்கே சின்னச் சின்னப் புடைப்பு.

ஏழு.

போன குளிர் தொடங்கும்போது சோர்காக்கின் தொடையைக் கரடி கிழித்தது. ஏழு தையலில் மூடினாள். "மெதுவா தைடி, நான் என்ன பூட்ஸா?" என்று அவன் கத்தினான்.

தாடை நின்றது.

துப்பாக்கி கேப்டனின் மடிக்கு வந்தது. "என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. விறைப்பு ஜாஸ்தி."

"கடல்நாய்தானே?"

இறக்கிவிட்டுப் போன கப்பல் திரும்பி வர இன்னும் ஒரு மாதம். துப்பாக்கி ஒன்று.

"கடல்நாய்தாங்க."

"நல்ல பொம்பள. மெல்லு."

மென்றாள். எச்சில் ஊறியது. துப்பினால் தெரிந்துவிடும். விழுங்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி மென்றாள்.

தோல் இளகத் தொடங்கியது.